.375 ரைபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப் எது?

வணக்கம். ஆஸ்திரேலியாவில் டார்வின் பக்கம் இருக்கிறேன். என் ரைபிளில் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) குறி நிலைத்து நிற்கவே மாட்டேன் என்கிறது.

ரைபிள் சிஇசட் 550 சஃபாரி மேக்னம், தோட்டா .375 ஹெச் அண்ட் ஹெச், 300 கிரெய்ன் எடையுள்ள குண்டு. காட்டெருமைக்குத்தான், சுடும் தூரம் பெரும்பாலும் 80 மீட்டருக்குள். மேலே இருப்பது மான் வேட்டைக்கு வைக்கும் சாதாரண 3-9x40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.). போன வறண்ட பருவத்தில் வாங்கியது. முதல் பெட்டித் தோட்டா தீரும் வரை ஒழுங்காக இருந்தது. அப்புறம் 100 மீட்டரில் குண்டு விழும் இடம் ஒரு சாண் அலைகிறது. குறியைத் திருகினால் உடனே மாறாது, சில வெடிக்குப் பிறகு திடீரென்று தாவும். கண்ணுக்கும் லென்சுக்கும் 3 அங்குல இடைவெளிதான் என்பதால் புருவத்தையும் பதம் பார்க்கிறது.

ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கும் ரிங்குகளை, முறுக்கும் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியாயிற்று. பிறகு ரிங்கையே மாற்றினேன், தோட்டாவையும். ஸ்கோப் குழாயில் வழுக்கிய தடம் இல்லை. ஸ்கோப்பைக் கழற்றி ரைபிளிலேயே உள்ள இரும்புக் குறியில் சுட்டால் 50 மீட்டரில் எல்லாம் நெருக்கமாக விழுகின்றன. ஆக, கோளாறு ஸ்கோப்புக்குள்தான். கடைக்காரர் 4-16 ஒன்றைக் காட்டுகிறார். எருமைக்கு 16 மடங்கு எதற்கு? கனமும் கூட, உதைக்கும்போது ரிங்கை அதுவே இழுக்கும்.

4 அங்குலக் கண் இடைவெளி வேண்டும், 1500 டாலருக்குள். .375 அல்லது அதற்கு மேல் சுடுபவர்களே, 1-4x24, பெரிதாக்கம் மாறாத 2.5x20, இந்த இரண்டில் உங்களிடம் குறி மாறாமல் நின்றது எது?