இதய உறையில் நீர்: கையேட்டுக்குச் சொல் வேண்டும்

தருமபுரி, செவிலியர் ஆசிரியை:
வணக்கம். அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படுக்கையருகே ஸ்கேன் வைத்தால் இதயத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டையாகத் தெரியும் நீரை 'இதய உறைநீர்' என்று எழுதியிருக்கிறேன். அது இதயத்தை விரியவிடாமல் தடுக்கும் நிலைக்கு 'இதய அமுக்கம்' சரிவருமா?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'உறைநீர்' வினைத்தொகை ஆகிவிடும்: உறைந்த நீர், உறைகின்ற நீர், உறையும் நீர். உறை வாளுக்கும் உண்டு, கிணற்றுக்கும் உண்டு, பாலில் ஊற்றும் மோரும் உறைதான். மூன்றுக்கும் வேர் ஒன்றா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன். அப்புறம், 'இதயம்' வடசொல். சங்கப் பாட்டெங்கும் நெஞ்சு இருக்கிறது. அதியமான் ஆண்ட தகடூரிலிருந்து வரும் கையேட்டில் 'நெஞ்சுறை' இருக்கட்டுமே.

அரூர், மருத்துவர்:
ஐயா, நெஞ்சு வேண்டாம். 'நெஞ்சுல நீர் கோத்திருக்கு' என்றால் இங்கே நுரையீரலைச் சுற்றிய நீர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஸ்கேனில் நாங்கள் கவனமாகப் பிரிப்பதே இந்த இரண்டையும்தான். நெஞ்செலும்பின் இடப்பக்கம் நீளவாக்கில் பார்க்கும்போது, கீழிறங்கும் பெருந்தமனிக்கு முன்னால் நீர் நின்றால் இதய உறைக்குள். பின்னால் நின்றால் நுரையீரல் பக்கம். உறைநீர் பற்றி நீங்கள் சொன்னது முக்கியம். காயத்தில் உறைக்குள் இரத்தம் தேங்கி உறைந்தும் போகும், அப்போது கறுப்பாகத் தெரியாது. ஆகவே 'இதய உறையில் நீர் கோத்தல்' என்று விரித்தே எழுதலாம்.
நெருக்கடிக்குத் தனிச் சொல் கட்டாயம் வேண்டும். திடீரென 200 மில்லி சேர்ந்தாலே உயிர் போகலாம்; காசநோயில் மெல்லச் சேர்ந்தால் ஒரு லிட்டரைக்கூடத் தாங்குகிறவர்கள் உண்டு.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:
இலங்கையில் குருதியமுக்கம் என்றால் பிபி. அமுக்கம் குழப்பும். 'இறுக்கம்'?

அரூர், மருத்துவர்:
'நெஞ்சு இறுக்கமா இருக்கு' என்பது மாரடைப்பில் நோயாளி சொல்வது.

கிருஷ்ணகிரி, தமிழாசிரியர்:
'நெரிப்பு'. கழுத்தை நெரிப்பது, கூட்ட நெரிசல், எல்லாம் அந்த வேர்தான்.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:
நல்ல சொல்தான். ஆனால் இரவுப் பணியில் டாக்டரிடம் 'நெரிப்பு' என்று போனில் சொன்னால் புரியுமா? இந்த நிலைக்கு டாக்டர்கள் சொல்லும் ஆங்கிலச் சொல்லான 'டாம்பனேடு' போதும் என்பதே என் கருத்து.

தருமபுரி, செவிலியர் ஆசிரியை:
தலைப்பில் 'இதய நெரிப்பு', ஒவ்வொரு படத்தின் கீழும் 'டாம்பனேடு'. வலது கீழறை விரிய வேண்டிய நேரத்தில் உள்ளே மடங்குவதையும், கீழ்ப்பெருஞ்சிரை பருத்து, மூச்சிழுத்தாலும் சுருங்காமல் நிற்பதையும் படத்தோடு சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கிருஷ்ணகிரி, தமிழாசிரியர்:
சரி. 'இதயம்' மீதான என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அச்சகத்தில் 'கோர்த்தல்' என்று மாற்றிவிடுவார்கள். 'கோத்தல்'தான் சரி, மெய்ப்பு பாருங்கள்.