தனியாகத் தொழில் செய்கிறேன், எவ்வளவு கேட்பது?

மல்லிகை, கோயம்புத்தூர்:
அக்காமார்களே, பதினொரு வருடம் தரகர் மூலம் பாலியல் தொழில் செய்தேன். பாதிப் பணம் அவருக்கே போனது. சித்திரையிலிருந்து தனியாகச் செய்கிறேன். தொகையைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. நேற்று 1,000 கேட்டு, 700க்கு இறங்கிவிட்டேன். அறை வாடகை 400, ஆட்டோ 120 போக மிச்சம் 180. மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கக்கூடப் போதவில்லை.

செல்வி, மதுரை:
தங்கச்சி, மாதவிடாய், காய்ச்சல், ஆள் வராத நாள் எல்லாம் போக, நான் மாதத்துக்குப் பதினெட்டு நாள்தான் கணக்கு வைக்கிறேன். வீட்டுச் செலவை அந்தப் பதினெட்டால் வகுத்து, அறையும் ஆட்டோவும் சேர்ப்பேன். அதற்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்கமாட்டேன். தொகையைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடு. கதவு மூடிய பிறகு பேரம் பேசினால் நாம்தான் தோற்போம்.

ராணி:
ஆணுறை வேண்டாம், கூடுதலாகத் தருகிறேன் என்பார்கள். அதற்கு விலையே சொல்லாதே அம்மா. போலீஸ் பெயரைச் சொல்லிக் குறைக்கப் பார்ப்பவனுக்கும் பயப்படாதே. பொது இடத்தில் ஆள் அழைப்பதும் பாலியல் தொழில் விடுதி நடத்துவதும் 1956 விபச்சாரத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பாலியல் தொழில் அதனளவில் குற்றமல்ல.

மல்லிகை:
இன்று தொலைபேசியில் 1,200 என்றேன். இருவர் வைத்துவிட்டார்கள். மூன்றாமவர் சரி என்றார். கை நடுங்கியது அக்கா.