டோக்கியோவில் ஐந்து இரவு: நடுவில் கியோட்டோ தேவையா?

கிளம்பியாச்சு:
அப்பா (72), அம்மா (68, முழங்கால் வலி), நாங்கள் இருவர், ஐந்து வயது மகன். ஷின்ஜுகுவில் அறை போட்டிருக்கிறேன். ஒரு நாள் கியோட்டோ போய்த் திரும்ப எண்ணம். ஏழு நாள் ஜேஆர் பாஸ் (வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ்) எடுத்தால் லாபமா?

ஜன்னல்சீட்டு:
கியோட்டோவை விடாதீர்கள். நொசோமி புல்லட் ரயிலில் இரண்டே கால் மணி நேரம்தான். ஆறு மணி வண்டியைப் பிடித்தால் எட்டே காலுக்கு அங்கே. அப்பா அம்மாவை இன்னொரு முறை இவ்வளவு தூரம் கூட்டி வருவீர்களா? பாஸ் மட்டும் வேண்டாம். 29,650 யென்னாக இருந்ததை 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள்.

மெதுநடை:
பாஸ் விஷயம் சரி. மற்றது எனக்கு ஒப்பவில்லை. தனி டிக்கெட் என்றாலும் போக வர ஆளுக்குச் சுமார் 28,000 யென். பையனை மடியில் வைத்துக்கொண்டால் அவனுக்குக் காசில்லை, ஆனால் நான்கு பேருக்கு ஒரு லட்சம் யென்னைத் தாண்டுகிறது. ஆறு மணி வண்டிக்கு அம்மா நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும்.

அறையையும் மாற்றுங்கள். ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். லிஃப்ட் இருக்கும் வாசலாகப் பார்த்து வெளியே வருவதே ஒரு வேலை. அங்கே ஒரு நிலையத்தில் என் மாமியாரோடு மாட்டிக்கொண்டேன். எஸ்கலேட்டர் பாதியில் முடிந்தது, மிச்சம் வெறும் படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியை விடாமல் ஏறினார். அன்றைக்கு அதற்கப்புறம் எங்கும் போகவில்லை.

டோக்கியோவிலேயே உவெனோ பகுதியில் தங்குங்கள். நரிட்டா விமான நிலையத்தில் இறங்கினால் ஸ்கைலைனர் ரயிலில் முக்கால் மணி நேரம், நடுவில் வண்டி மாற வேண்டாம். மிருகக்காட்சி சாலையும் தேசிய அருங்காட்சியகமும் உவெனோ பூங்காவுக்குள்ளேயே. திங்கட்கிழமை இரண்டும் மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல்சீட்டு:
உவெனோவில் தங்கினால் ராத்திரி வெளிச்சத்தை எங்கே பார்ப்பது? ஷின்ஜுகுவில் பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-வது மாடி, 202 மீட்டர் உயரம், ஏற இலவசம்.

மெதுநடை:
அதற்காக அங்கேயே படுக்க வேண்டுமா? யமனோட்டே வண்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது.

தயிர்சாதம்:
நடுவில் வருகிறேன், பெரியவர்கள் சைவமா? மிசோ சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கிளம்பியாச்சு:
சைவம்தான், நன்றி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கியோட்டோ ஒரு சாக்கு, ஆசையெல்லாம் புல்லட் ரயில் மேல்தான்.

மெதுநடை:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! உவெனோவிலேயே ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், நிற்கும். ஓமியா வரை இருபது நிமிடம். அங்கே ரயில் அருங்காட்சியகத்தில் 1964-இல் ஓடத் தொடங்கிய முதல் தலைமுறை வண்டியே இருக்கிறது. தாத்தாவும் பேரனும் வெளியே வர மாட்டார்கள். செவ்வாய் விடுமுறை.

ஜன்னல்சீட்டு:
அந்தத் துண்டில் வேகம் 130 கி.மீ.தான் ஐயா! அதில் ஏற்றிவிட்டு புல்லட் ரயில் என்று பெரியவரை ஏமாற்றுவதா? டோக்கியோவிலிருந்து ஒடவாரா வரை எல்லா நிலையத்திலும் நிற்கும் கொடாமா புல்லட் ரயிலில் போகட்டும், அரை மணிக்குக் கொஞ்சம் மேல். இறங்கியதும் நடைமேடையிலேயே நிற்கச் சொல்லுங்கள். நொசோமி அங்கே நிற்காது, நடுத் தண்டவாளத்தில் முழு வேகத்தில் கடந்து போகும்.

மெதுநடை:
சரி, இதில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஓமியா பேரனுக்காக இருக்கட்டும்.

கிளம்பியாச்சு:
ஒடவாரா என்றதும் அப்பா வீடியோ தேடி எடுத்து நான்கு முறை பார்த்துவிட்டார். ஷின்ஜுகு அறையை ரத்து செய்யப் போகிறேன். உவெனோவில் ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைக்குமா, இரண்டாகத்தான் போட வேண்டுமா?