தேக்குப் பலகையின் ஓரத்தில் இருக்கும் வெள்ளைக்கு என்ன பெயர்?

கேள்வி (புதுமேசை):
மேசைக்கு வாங்கிய தேக்குப் பலகை. நடுவில் நல்ல பழுப்பு. ஒரு ஓரம் மட்டும் விரலகலத்துக்கு வெளுத்திருக்கிறது. அங்கேதான் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள், கீழே தூள். பழுப்பில் ஒன்றுகூட இல்லை. விற்றவர் "அதுவும் தேக்குதான்" என்கிறார். ஆசாரி அதை வெள்ளை என்கிறார், பாடப்புத்தகம் சாற்றுக்கட்டை என்கிறது, அகராதியில் வெளிறு. எல்லாம் ஒன்றுதானா?

உளிக்காரன்:
ஒன்றுதான். விற்றவர் சொன்னதும் பொய்யில்லை, பாதியை விழுங்கிவிட்டார். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறுவது இந்த வெள்ளை வழியாகத்தான். மாவுச்சத்தும் அதில்தான் சேர்ந்திருக்கும். உள்பக்கம் வயதாகி வைரம் பாயும்போது (பழுப்பான கெட்டிக் கட்டையாகும்போது) மாவுச்சத்து தீர்ந்து, பூச்சிக்கு ஆகாத பொருள்கள் ஏறிவிடும். மரத்தைத் துளைக்கும் வண்டின் புழுவுக்கு வேண்டியது மாவுச்சத்து, அதனால் பழுப்பைத் தொடவில்லை. நீங்கள் பார்ப்பது வளர்ந்த வண்டு வெளியேறிய ஓட்டை, அது தின்று முடித்துவிட்டது; ஆனால் உள்ளே வேறு புழு இன்னும் இருக்கலாம். தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் போல வழுக்கினால் இந்த வண்டுதான். நெருநெருவென்று இருந்தால் உலர்மரக் கரையான், அதற்கு வைத்தியம் வேறு.

புதுமேசை:
வழுக்குகிறது. ஆனால் சாற்றுக்கட்டைதான் மரத்தின் உயிருள்ள பகுதி என்று படித்தேனே?

இலைநரம்பு:
அதிலும் பெரும்பகுதி செத்த செல்கள்தான். தண்ணீர் ஏறும் குழாய்களே செத்து வெறுமையானவை. இடையிடையே மாவுச்சத்தை வைத்திருக்கும் செல்களுக்குத்தான் உயிர். வைரத்தில் அவையும் உயிரோடு இருக்காது. நடு முழுக்கப் பொந்தான மரம் தழைத்து நிற்பது வெளியே உள்ள சாற்றுக்கட்டை பிழைத்திருப்பதால்தான். தொல்காப்பியம் அகக்காழ் (உள்ளே வைரம்) உள்ளதை மரம் என்றும் புறக்காழ் (வெளியே வைரம்) உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. பனையில் வெளியே வைரம், உள்ளே மெத்தென்ற சோறு. அங்கே போய் வெள்ளை எங்கே என்று தேடாதீர்கள்.

உளிக்காரன்:
சரி, மேசைக்கு வருவோம். விரலகலம்தானே, அறுத்து எடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் பாலிஷ் போடும் முன்பே போராக்ஸ் மருந்து அடிக்க வேண்டும். வெள்ளை நன்றாகக் குடிக்கும், வைரம் குடிக்காது. அப்புறம், அடுத்த முறை "தேக்கா?" என்று கேட்காதீர்கள். "வெள்ளை எவ்வளவு?" என்று கேளுங்கள், பலகையின் நான்கு ஓரத்தையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.