என்.எஸ்.எஸ் ஏழு நாள் கேம்ப் போனா ஜெர்மனி அப்ளிகேஷனுக்கு உதவுமா?

மெக்பையன்:
செகண்ட் இயர் மெக்கானிக்கல் படிக்கிறேன், படிச்சு முடிச்சுட்டு ஜெர்மனில எம்.எஸ் பண்ற ஐடியா. இப்ப காலேஜ் என்.எஸ்.எஸ்ல (நாட்டு நலப்பணித் திட்டம்) ஏழு நாள் கேம்ப்புக்கு பேர் குடுக்க சொல்றாங்க, சீனியர்ஸ் வெறும் சர்டிபிகேட்தான்டாங்கிறாங்க. போகவா வேணாமா?

பழையகேம்ப்காரன்:
ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை வேலையும் இந்த கேம்ப்பும் முடிச்சாதான் அந்த சர்டிபிகேட்டே தம்பி. ஆனா அதுக்காக போகாத. எங்க கேம்ப்ல வீடு வீடா சர்வே எடுத்தோம், ஒரு பாட்டி கழிப்பறை இருக்குன்னு சொல்லுச்சு, நானும் டிக் பண்ணிட்டேன், அப்புறம் எட்டிப் பாத்தா உள்ள கூரை வரைக்கும் விறகு அடுக்கி வச்சிருக்கு, தண்ணி பைப்பே இல்லாம அது என்ன பண்ணும் சொல்லு? அன்னைக்கு நைட்டு ஃபார்ம் முழுக்க திருப்பி எழுதினோம். (கொசுவத்தி மறக்காத.)

மியூனிக்வாசி:
இங்க மொதல்ல மார்க்கும் நீ படிச்ச பேப்பர் அவங்க கோர்ஸோட ஒத்துப்போகுதான்னும்தான் பாப்பாங்க. ஏன் இந்த கோர்ஸ் வேணும்னு எழுதுற மோட்டிவேஷன் லெட்டர்ல 'சமூக சேவை செய்தேன்'னு ஒரு வரி போட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா அந்த விறகு கதை மாதிரி ஒண்ணு இருந்தா எழுது.

மெக்பையன்:
சரிண்ணா, நாளைக்கே பேர் குடுத்துடறேன். சாப்பாடு எப்படி இருக்கும்?

பழையகேம்ப்காரன்:
ஏழு நாளும் சாம்பார்தான்.