டெனிஷ் விளையாட்டுச் சொலவடைகளும் ஆங்கிலமும்: உங்களுக்கு நடந்தது என்ன?

ஓர்ஹூஸ்வாசி
இது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கூட்டம் ஒன்று, எதிரே ஸ்கொட்லாந்துக்காரர்கள். எங்கள் டெனிஷ் மேலாளர் விலைப்பட்டியல் போட்டி நிறுவனத்துக்குத் தவறிப் போனதைச் சொல்லி, “என் ரிக்தி யெஸ்பர் ஓல்சன்”, அதாவது அசல் யெஸ்பர் ஓல்சன் வேலை, என்று முடித்தார். நான் ஆங்கிலத்தில் “எதிராளியின் காலுக்கே பந்தைக் கொடுத்துவிட்டோம்” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் என் பக்கம் திரும்பி, “ஓல்சன் எங்கே போனான்?” என்றார்.

சின்னவன்
யார் அண்ணை அந்த ஓல்சன்? நான் இங்கேதான் பிறந்தேன், கேள்விப்பட்டதே இல்லை. பேசாமல் “சேம் சைட் கோல்” என்று சொல்லியிருக்கலாமே.

பழைய ரசிகன்
தம்பி, அது சேம் சைட் கோல் இல்லை! 1986 உலகக் கிண்ணம், மெக்சிகோ, ஸ்பெயினோடு ஆட்டம். டென்மார்க்கின் முதல் கோலை பெனால்டியில் அடித்ததே ஓல்சன்தான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் தன் கோல் பக்கமாகவே ஒரு பாஸ் போட்டான். ஸ்பெயினின் புத்ரகென்யோ குறுக்கே வந்து எடுத்து அடித்துவிட்டான். கடைசியில் 5-1, அதில் நான்கு புத்ரகென்யோவினுடையவை. நல்ல ஆட்டக்காரன் ஒரு நொடி அசந்து பரிசாகக் கொடுத்தது என்பதுதான் அந்தப் பேச்சின் குத்தல். ஓர்ஹூஸ்வாசி சொன்னது சரி. பெயரை விட்டதும் சரி. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடியவன்தான், ஆனாலும் அங்கே அந்தப் பெயரைச் சொன்னால் இந்த பாஸ் யாருக்கு ஞாபகம் வரும்?

சைக்கிள்காரி
எங்கள் விற்பனை அறிக்கையில் “போட்டியாளர்களுக்கு பாவ்யூல் கொடுத்தோம்” என்று இருந்தது, அவர்களைப் பின்னுக்குத் தள்ளி முந்தினோம் என்ற அர்த்தத்தில். யாரோ அதை மெஷினில் போட்டு, பின்சக்கரம் கொடுத்தோம் என்று ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டார்கள். அயர்லாந்திலிருந்து பதில் வந்தது: “எத்தனை சக்கரம்? கப்பல் செலவு யாருடையது?”

கொப்பன்ஹேகன் அக்கா
என் கதை சின்னது. அமைச்சர் ஒருவர் கேள்வியை “மூலைக்கு அடித்தார்” என்று பத்திரிகையில் வந்ததை, கோர்னர் வாங்கினார் என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வாசித்தவர்களுக்கு அமைச்சர் ஜெயிப்பதுபோல் இருந்தது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், யார் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஆங்கிலக்காரன் கோர்னரை அடிக்கப்போகிறவனின் வாய்ப்பாகப் பார்க்கிறான். டெனிஷ்காரன் தடுப்பவன் பக்கம் நிற்கிறான்: ஆபத்து இப்போதைக்கு வெளியே போனது, பதில் சொல்லாமல் தப்பினோம். இதற்கு ஆங்கிலத்தில் ரக்பியிலிருந்து வந்த “கிக் இன்ட்டு டச்” (பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைப்பது) கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் அமெரிக்கருக்குப் புரியாது. அவர்களுக்கு வெறுமனே “நழுவினார்” என்று எழுதுங்கள். “ஹியெமபேனெ” வந்தாலும் கவனம். சில இடத்தில் அது சொந்த மைதானம் இல்லை, சும்மா வீடுதான். “ஹோம் டர்ஃப்” என்று போட்டால் மனைவியோடு மேட்ச் ஆடுவதுபோல் ஆகிவிடும். அப்புறம், கிரிக்கெட்டைக் கொண்டுவந்து செருகாதீர்கள், டெனிஷ்காரர் வாயில் அது ஒட்டாது.

ஓர்ஹூஸ்வாசி
அக்கா, நான் ஆலோசனை கேட்கவே இல்லையே. மேலாளருக்கு ஓல்சன் வேண்டுமாம், அதுதான் பிரச்சினை.

கொப்பன்ஹேகன் அக்கா
அப்படியென்றால் அவரே ஆங்கிலத்தில் பேசட்டும்.

ஹேர்னிங் அப்பா
ஹேண்ட்போல் பயிற்சிக்கு கனடாவிலிருந்து வந்த என் மருமகனையும் கூட்டிப்போனேன். பெனால்டி எறியப்போனவனிடம் பயிற்சியாளர் தன் ஆங்கிலத்தில், “வயிற்றில் ஐஸ் வைத்திரு” என்றார். பதறாதே என்பதற்கு இங்கே அப்படித்தானே சொல்வார்கள். பையன் பந்தைப் பிடித்தபடியே திரும்பி, “இல்லை சார், பாண் மட்டும்தான் சாப்பிட்டேன்” என்றான்.