14 பூ பூத்தும் பரிசு போச்சு, ஏன்?

குன்னூர் அக்கா: எங்க ஆர்கிட் கிளப் மாசாந்திர ஷோவுல என் சிம்பிடியம்ங்கற ஆர்கிட் செடிய வெச்சேங்க, ஒரே தண்டுல 14 பூ, ஆனா பரிசு 9 பூ இருந்த செடிக்கு போயிடுச்சு, நடுவர்கிட்ட கேட்டதுக்கு "பூவெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பாக்குது"ன்னாங்க, மனசே ஆறல. எங்க தப்பு?

கோத்தகிரி தோட்டம்: மொட்டு வந்தப்புறம் தொட்டிய திருப்பினீங்களா அக்கா?

குன்னூர் அக்கா: ஆமா, ஜன்னலோரம் இருக்கு, எல்லா பக்கமும் வெயில் படட்டுமேன்னு ரெண்டு நாளைக்கு ஒருக்கா திருப்பினேன்.

கோத்தகிரி தோட்டம்: அதான். மொட்டு வெளிச்சத்த பாத்துதான் திரும்பும், தொட்டிய மாத்திட்டே இருந்தா காம்பு முறுக்கிக்கும். தண்டு ஒரு சாண் வந்ததும் குச்சி வெச்சு தளர்வா கட்டிட்டு, கடைசி பூ விரியுற வரைக்கும் தொட்டிய அசைக்காதீங்க.

கொடைக்கானல்காரன்: எண்ணிக்கைய விட பூவோட வடிவம், தண்டுல பூ அடுக்கியிருக்குற விதம், இதெல்லாம்தான் பாப்பாங்க. பூ முடிஞ்சதும் தொட்டில இருக்குற மக்கின மரப்பட்டைய மாத்திடுங்க, இல்லன்னா வேர் அழுகிடும். ராத்திரி குளிருக்கு பயந்து உள்ள தூக்கி வெக்காதீங்க, சிம்பிடியத்துக்கு பூத்தண்டு வர அந்த குளிர் வேணும், உறைபனி மட்டும் படக்கூடாது. 14 பூ வர்ற செடி அருமையான செடிங்க, விட்டுடாதீங்க.

குன்னூர் அக்கா: ரொம்ப நன்றிங்க, இப்பவே ஜன்னல் பக்கம் தொட்டில சாக்பீஸ்ல கோடு போட்டுட்டேன்.